அக்காவின் 18 படிகளுக்கு எந்த லிஃப்ட்?

அக்காவுக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரைக்கும் காலிப்பர் என்கிற கால் தாங்கி, கையில் ஓர் ஊன்றுகோல். இவற்றை வைத்துக்கொண்டே மதுரையில் எங்கள் வீட்டு மாடிப்படியை முப்பது வருடமாக ஏறி இறங்கியிருக்கிறாள். கீழே அவளுடைய தையல் கடை, மேலே குடித்தனம். காலையில் இறங்குவாள், மதியம் சாப்பிட ஏறுவாள், மறுபடி இறங்குவாள், இரவு கடையைப் பூட்டிவிட்டு ஏறுவாள்.

இப்போது அவளுக்கு 58 வயது. இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் படி. மதியச் சாப்பாடு தூக்குவாளியில் கீழே போகிறது. கழிப்பறை மாடியில் மட்டும் இருந்ததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இது தெரியவில்லை. சிறுநீர்த் தொற்று வந்து, டாக்டர் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தாள்.

போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்து, அதுவரை நன்றாக இருந்த தசைகளும் தளர ஆரம்பிக்கலாம். அழிந்துபோன நரம்புகளின் வேலையையும் சேர்த்து இத்தனை காலம் செய்த நரம்புகள் ஓய்ந்துவிடுகின்றன. போஸ்ட் போலியோ என்கிறார்கள். இன்னும் நாலு தடவை ஏறி இறங்கினால் கால் பலமாகிவிடும் என்ற கணக்கு இதில் செல்லாது. இருக்கிற பலத்தைச் சேமிக்கத்தான் வேண்டும். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. நோய் போய்விட்டது, அது வந்தவர்களுக்கு இப்போது வயதாகிறது. அவர்கள் வீடுகளில் எல்லாம் மாடிப்படி இருக்கிறது.

லிஃப்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒரு கழிப்பறை கட்டினோம். வெஸ்டர்ன் டாய்லெட், இரண்டு பக்கமும் கைப்பிடி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு. எந்த லிஃப்டின் விலையோடு வைத்துப் பார்த்தாலும் இது சின்னச் செலவு. லிஃப்ட் பழுதாகும் நாள் ஒன்று வரத்தான் போகிறது. அன்றைக்கும் கீழே கழிப்பறை இருக்கும். நீங்களும் இதே தேடலில் இருந்தால், மேலே கீழே இரண்டு தளத்திலும் கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கீழேயே குடி வந்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். நிறையக் குடும்பங்களுக்கு அதுதான் சரியான விடை. கீழ்த்தளத்தில் ஓர் அறையும் குளியலறையும் ஒதுக்க முடிந்தால், வாடகைக்கு விட்டிருக்கிற கீழ் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால், லட்சங்களைச் செலவழித்து இயந்திரம் வைக்கத் தேவையே இல்லை. எங்கள் வீட்டில் கீழே வருவது என்றால் கடையை மூட வேண்டும். அந்தக் கடைதான் அக்காவின் சோறு, அவளுடைய மனிதர்கள் எல்லோரும் வந்துபோகும் இடமும் அதுதான். அதனால் அந்த வழி அன்றோடு முடிந்தது.

தூக்கிக்கொண்டு போவது இன்னொரு வழி. பெரும்பாலான வீடுகளில் இன்றும் நடப்பது இதுதான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். தொற்று வந்து படுத்திருந்த ஒரு வாரம் அக்காவை இப்படித்தான் இறக்கினோம். பின்னால் பிடித்திருப்பவருக்குக் கீழ்ப்படி தெரியாது. நாற்காலியின் கை எந்த நேரமும் பிய்ந்து வரலாம். அதைவிட, தூக்க ஆள் வரும்வரை காத்திருப்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது. "ஏண்டி, கீழ போகணும்னா இனிமே நான் மனு போடணுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். யாரையும் கூப்பிடாமல் அவளே ஏறி இறங்க முடியுமா? ஒவ்வொரு இயந்திரத்தையும் இதை வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தேன்.

சரி, ஸ்டேர் லிஃப்டுக்கு வருவோம். படியோரமாக ஒரு தண்டவாளம், அதன்மேல் ஊர்ந்து போகிற ஒரு நாற்காலி. தண்டவாளம் சுவரில் தொங்குவதில்லை, சின்னத் தாங்குகால்கள் வைத்துப் படிகளில்தான் திருகப்படுகிறது. அதனால் சுவரின் பலம் பெரிய பிரச்சினை இல்லை. படியில் கிரானைட் ஒட்டியிருந்தால் துளை போடும்போது கல்லில் விரிசல் விழாமல் கவனமாகச் செய்ய வேண்டும், திருகு கல்லைத் தாண்டிக் கான்கிரீட்டைப் பிடிக்க வேண்டும். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு சின்ன விசை. அதை அழுத்திக்கொண்டே இருந்தால் நகரும், விட்டால் நின்றுவிடும். கால்பலகையின் விளிம்பில் ஏதாவது தட்டினாலும் நின்றுவிடும். ஐரோப்பியத் தரவிதி இதன் வேகத்தை நொடிக்கு 0.15 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது. எங்கள் 18 படிக்கும் நடுத்தளத்துக்கும் சேர்த்து ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். மெதுவாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை.

படி நேராக ஒரே ஓட்டமாக இருந்தால் வேலை எளிது. நேர்த் தண்டவாளத்தை வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம், பிற்பாடு கழற்றி விற்கலாம், பழைய லிஃப்டாகவும் வாங்கலாம். நம் ஊர் வீடுகளில் அப்படிப்பட்ட படி அபூர்வம். பாதி ஏறி, ஒரு நடுத்தளம், எதிர்ப்பக்கம் திரும்பி மீதி. எங்களுடையதும் அப்படித்தான், ஒன்பதும் ஒன்பதும். இதற்கு வளைந்த தண்டவாளம் வேண்டும். அது உங்கள் படியை அளந்து, உங்கள் படிக்கென்றே வளைத்துச் செய்யப்படுவது. விலை நேர்த் தண்டவாளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகிறது. செய்து வர வாரங்கள் ஆகும். வேறு வீட்டுக்குப் பொருந்தாது என்பதால் திரும்ப விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது.

முதலில் வந்த விற்பனையாள் இதற்கு ஒரு குறுக்குவழி சொன்னார். கீழ்ப்பாதிக்கு ஒரு நேர் லிஃப்ட், மேல்பாதிக்கு ஒரு நேர் லிஃப்ட். "நடுவுல ரெண்டு எட்டு வைக்கணும், அவ்வளவுதான் மேடம்." செலவு கணிசமாகக் குறையும். எனக்கும் ஆசை வந்தது. அவர் படியை அங்குலம் அங்குலமாக அளந்தார். அக்காவைப் பார்த்து ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் போன பிறகு அக்காவே விரல்விட்டு எண்ணினாள். நிற்கும்போது முட்டி மடங்காமல் பிடித்துக்கொள்ளும் லாக் ஒன்று காலிப்பரில் உண்டு. உட்கார்ந்ததும் அந்த லாக்கை விடுவிக்க வேண்டும், எழும்போது திரும்ப மாட்ட வேண்டும். ஒரே லிஃப்ட் என்றால் ஒரு பயணத்துக்கு ஒரு முறை எழுந்தால் போதும். இரண்டு லிஃப்ட் என்றால் இரண்டு முறை. நாளைக்கு நான்கு பயணம், ஆக நான்கு முறைக்குப் பதில் எட்டு முறை. அதுவும் அதில் நான்கு, மூன்றடி அகலத் தளத்தில், கீழே படி வாயைத் திறந்துகொண்டிருக்கும் இடத்தில். எதைக் குறைக்க லிஃப்ட் வாங்குகிறோமோ அதையே இது கூட்டுகிறது. நடுவில் தடுமாறாமல் நின்று நடக்கக்கூடியவர், மூட்டுவலி மட்டும் உள்ளவர் என்றால் இரண்டு நேர் லிஃப்ட் நல்ல யோசனைதான். அக்காவுக்கு ஆகாது.

அடுத்தது அகலம். இதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன், உங்களையும் செலவழிக்கச் சொல்வேன். லிஃப்டில் போகிறவர் மேல்படியைப் பார்த்து உட்காருவதில்லை. முதுகு சுவர்ப்பக்கம், முகம் படியின் குறுக்கே. அதனால் முட்டி எதிர்ப்பக்கக் கம்பியை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அக்காவைச் சுவரோரம் உட்காரவைத்து அளந்தோம். சுவரிலிருந்து முட்டிவரை 22 அங்குலம். தண்டவாளத்துக்கும் முதுகுச்சாய்வுக்கும் ஓர் ஐந்து அங்குலம் சேர்த்தால் 27. எங்கள் படியின் அகலம் 36. முட்டி மடங்கியிருந்தால் தாராளம். லாக் மாட்டியபடி கால் நீட்டியிருந்தால் பாதம் கம்பியில் போய் இடிக்கும். ஆகவே அவள் லாக்கை விடுவித்துத்தான் பயணிக்க முடியும், அவள் முட்டி தொண்ணூறு பாகை மடங்குவதால்தான் இந்த லிஃப்டே எங்களுக்குச் சாத்தியம். முட்டி மடங்காதவர்களுக்கு, நின்றபடியோ பாதி உட்கார்ந்து சாய்ந்தபடியோ போகிற மாதிரிகள் உண்டு. அதற்கு இடுப்பில் பலம் வேண்டும், மேல்படிக்குக் கீழே தலை இடிக்காத உயரமும் வேண்டும்.

நாற்காலியை மடித்தால் சுவரிலிருந்து ஏறக்குறைய 15 அங்குலம் அடைக்கும். மற்றவர்கள் நடக்க மீதி உள்ள 21 அங்குலம் போதும், அரிசி மூட்டையோடு ஏறுகிறவர் கொஞ்சம் ஒருக்களிக்க வேண்டும். அடுக்குமாடிப் பொதுப்படியில் வைக்க நினைப்பவர்களுக்கு இந்த அகலமே பெரிய சிக்கலாகிவிடும், சங்கத்தின் சம்மதமும் வேண்டும், தீ விபத்தில் எல்லோரும் ஓடி இறங்குகிற வழியும் அதுதான்.

எந்தப் பக்கச் சுவர் என்பதையும் முடிவு செய்ய வேண்டும். வளைந்த படியில் உள்பக்கமாக, கம்பியோரம் தண்டவாளம் போட்டால் நீளம் குறையும், நடுத்தளத்தில் கிட்டத்தட்ட சுழன்று திரும்பிவிடும். வெளிப்பக்கமாகப் போட்டால் சுவரை ஒட்டி நடுத்தளத்தைச் சுற்றிக்கொண்டு வரும், நீளம் கூடும், விலையும் கூடும். எங்கள் வீட்டில் கைப்பிடிக் கம்பி உள்பக்கம் மட்டும்தான். தண்டவாளத்தை அங்கே வைத்தால், நடந்து ஏறும் எல்லோருக்கும் பிடி போய்விடும். கரண்டும் போய் பேட்டரியும் தீர்ந்த நாளில் அக்காவுக்கும் அந்தப் பிடிதான். அதனால் வெளிச்சுவர் என்று முடிவு செய்தோம். ஏறும்போது அது இடது கைப்பக்கம். இடது சுவரில் தண்டவாளம் என்றால் மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலி இடப்புறமாகத் திரும்பும். அவளுடைய பலமான கால் இடதுகால். இறங்கும்போது அந்தக் காலே முதலில் தரையைப் பிடிக்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, வீட்டுச் சுழல் நாற்காலியைப் படி உச்சியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்தோம்.

அந்தத் திருப்பத்தைக் கையால் நெம்புகோல் அழுத்திச் செய்யும் வகையும் உண்டு, மோட்டாரே திருப்பிவிடும் வகையும் உண்டு. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இத்தனை வருடம் கம்பியைப் பிடித்து இழுத்து ஏறியதில் அக்காவின் தோள்பட்டை தேய்ந்திருக்கிறது. உட்கார்ந்த நிலையில் தன் எடையையே திருப்புவது அந்தத் தோளுக்கு வேலை. கால்பலகையைக் குனியாமல் மடிக்கும் வசதிக்கும் இதே காரணம்தான்.

வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே லிஃப்ட் வைத்திருக்கும் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போய் அக்காவை உட்காரவைத்துப் பார்த்தோம். ஒரு மாதப் படிப்பு ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ஆசனம் அவளுக்குத் தாழ்வாக இருந்தது. காலிப்பரோடு எழ வேண்டுமானால் உயரம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் தோளுக்குப் போகிறது. பொருத்தும்போதே உயரத்தைக் கூட்டிக் கேட்கலாம் என்று அங்கேதான் தெரிந்தது. ஊன்றுகோலை எங்கே வைப்பது என்ற கேள்வியும் அங்கேதான் வந்தது. மடியில் குறுக்கே வைத்தால் சுவரிலும் கம்பியிலும் தட்டும். இப்போது மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஊன்றுகோல். வீல்சேரில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஸ்டேர் லிஃப்ட் ஆளைத்தான் ஏற்றும், வீல்சேரை ஏற்றாது. தளத்துக்கு ஒரு வீல்சேர் வேண்டும், அதிலிருந்து இதற்கும் இதிலிருந்து அதற்கும் மாறுகிற தெம்பும் வேண்டும்.

மின்வெட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பொதுவாக இந்த லிஃப்ட் ஓடுவதே பேட்டரியில்தான். தண்டவாளத்தின் இரண்டு முனையிலும் நிற்கும்போது சார்ஜ் ஆகும், கரண்ட் இல்லாவிட்டாலும் சில தடவை ஏறி இறங்கலாம். கவனிக்க வேண்டியவை வேறு. நடுவழியில் நிறுத்திவைத்தால் சார்ஜ் ஏறாது. ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் நமக்கு உண்டு, திரும்பி வரும்போது பேட்டரி செத்திருக்கும். அப்புறம் வெயில். லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுளைச் சூடு குறைக்கும், மதுரைச் சித்திரையில் படிக்கட்டு அறை அடுப்பு மாதிரி இருக்கும். பேட்டரி மாற்ற எவ்வளவு, எத்தனை நாளில் ஆள் வருவார், அவர் எந்த ஊரிலிருந்து வருவார் என்பதை வாங்குமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படி வீட்டுக்கு வெளியே இருந்தால், அது மழைக்கும் வெயிலுக்கும் என்றே செய்த மாதிரியாக இருக்க வேண்டும். உறை போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஐப்பசி மழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டு லிஃப்ட், அதாவது நேராக மேலே போகும் பெட்டி. மனசில் பட்டதைச் சொல்கிறேன். இடமும் பணமும் இருந்தால், வீல்சேர் வாழ்க்கை ஏற்கெனவே வந்துவிட்டது அல்லது வரப்போகிறது என்றால், இதற்கு ஈடு வேறு கிடையாது. வீல்சேரோடே உள்ளே போகலாம். மாறி உட்காரும் தொல்லை இல்லை. வீட்டில் எல்லோருக்கும் பயன்படும், வீட்டின் மதிப்பும் கூடும். ஹைட்ராலிக், கயிற்று இழுவை, திருகுத் தண்டில் ஏறும் மேடை, காற்றழுத்தக் குழாய் என்று பல வகை. திருகுத் தண்டு வகைக்கு ஆழமான குழியோ தனி மெஷின் ரூமோ வேண்டாம் என்பதால் பழைய வீட்டில் நுழைக்க எளிது. காற்றழுத்தக் குழாய் பார்க்க அழகு, ஆனால் சிறிய விட்டக் குழாயில் வீல்சேர் நுழையாது, அதை வாங்கிவிட்டு ஏமாறக்கூடாது. வீல்சேரும் உடன் ஒருவரும் போக, உள்ளளவு 1,100 மில்லிமீட்டருக்கு 1,400 மில்லிமீட்டர் வேண்டும். கூரைத் தளத்தை வெட்ட வேண்டியிருந்தால் கட்டடப் பொறியாளர் பார்க்காமல் கை வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் லிஃப்டுக்கென்று 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, உரிமம் தொடர்பான வேலையை யார் செய்து தருவார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு பத்து லட்சத்தைச் சுலபமாகத் தாண்டுகிறது. எங்கள் வீட்டில் அது வரக்கூடிய ஒரே இடம் கடையின் வெட்டும் மேசை இருக்கும் மூலை. மேசை போனால் கடை போன மாதிரிதான்.

வீல்சேரையே ஏற்றிக்கொண்டு படியோரம் சாய்வாகப் போகும் மேடையும் இருக்கிறது. ரயில் நிலையம், அலுவலகம் போன்ற அகலமான படிகளுக்கு நல்லது, மூன்றடி வீட்டுப் படிக்கு ஒத்துவராது. டாங்கியைப் போல ரப்பர்ப் பட்டையில் படியேறும் கருவி இன்னொன்று. எதையும் திருக வேண்டாம், வாடகை வீட்டுக்கும் எடுத்துப்போகலாம். பின்னால் ஒருவர் பிடித்து ஓட்ட வேண்டும், நடுத்தளத்தில் திருப்ப இடம் வேண்டும். சாய்வும் பார்க்க வேண்டும். எங்கள் படி ஏழங்குல உயரம், பத்தங்குல அகலம், சாய்வு 35 பாகை. இந்தக் கருவிகளில் பலவற்றுக்கு அதுதான் கடைசி எல்லை. அக்காவின் கேள்விக்கும் இது பதில் ஆகாது, ஓட்ட ஆள் வேண்டுமே.

வேறு உடல்நிலை என்றால் கணக்கும் வேறு. பக்கவாதம் வந்தவருக்கு விசை எந்தக் கைப்பக்கம், பெல்ட்டை ஒரே கையால் மாட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். கை நடுங்கும் பார்கின்சன் நோயில் விசையை விடாமல் அழுத்திப் பிடிப்பது கஷ்டம், உடன் இருப்பவர் ரிமோட்டில் இயக்கலாம். வலிப்பு வருபவரையும் மறதி நோயில் நடுவழியில் எழ முயல்பவரையும் தனியாக ஏற்றக் கூடாது. வேகமாகக் கூடிக்கொண்டே போகும் தசை, நரம்பு நோய்களில் இன்றைக்கு உட்கார முடிகிறதே என்று ஸ்டேர் லிஃப்ட் வாங்கினால், இரண்டு வருடத்தில் நிமிர்ந்து உட்கார முடியாமல் போகலாம். அங்கே கடன் வாங்கியாவது வீட்டு லிஃப்ட் வைக்கலாம், அல்லது கீழே குடி வந்துவிடலாம். பிசியோதெரபிஸ்டிடம் "இன்னும் ஐந்து வருடத்தில் இவர் எப்படி உட்காருவார்?" என்று நேராகக் கேளுங்கள். கேட்கவே மனசு வராது, எனக்கும் வரவில்லை. அக்காதான் கேட்டாள். உட்காரும் சமநிலை நன்றாக இருக்கிறது, தளர்ச்சி மெதுவாகத்தான் கூடும், தோளைக் காப்பாற்றினால் எழுந்து நிற்பதும் நெடுநாள் நிலைக்கும் என்றார்.

அந்தப் பதிலை வைத்துத்தான் வளைந்த தண்டவாளத்துக்கு முன்பணம் கொடுத்தோம். வெளிச்சுவர், மோட்டாரில் திரும்பும் உயர்ந்த ஆசனம், விசை இடதுகையில், தெருப் பிள்ளைகள் ஏறி விளையாடாமல் இருக்கச் சாவி. அளவெடுக்க வந்த இரண்டாவது நிறுவனத்துப் பையன் அக்காவை உட்காரச் சொல்லி, முட்டியை அளந்துவிட்டுத்தான் படிக்கு டேப் வைத்தான். அவன்தான் நடுத்தளத்து ஜன்னலையும் காட்டினான். அதன் கதவு உள்பக்கம் திறக்கிறது, நாற்காலி திரும்பும்போது அக்காவின் தலைக்கு நேரே வரும். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் கம்பி இருப்பதால் கதவைத் திருப்பி மாட்ட முடியாது, சறுக்குக் கதவாகத்தான் மாற்ற வேண்டும். வியாழக்கிழமை ஆசாரி வருகிறார். கண்ணாடி தெளிவாக இருக்கட்டும், போகும்போது தெரு தெரிய வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.